தெப்பத்தில் பன்னிரண்டு வோல்ட்

புதிதாக லைட் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு எழுதுகிறேன். எனக்குப் பேச்சு குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதனால் பல விஷயம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்.

பேட்டரி விளக்கு கடிக்காது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பன்னிரண்டு வோல்ட்தானே என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் ஒரு குளத்தின் நடுவில் தெரிந்துகொண்டேன்.

எல்இடி வராத காலம். நானும் சாலமனும் சேலையூர் கேம்ப் ரோட்டில் கூட்டாகக் கடை வைத்திருந்தோம். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சீரியல் செட்டும் ட்யூப் லைட்டும் கட்டுவோம். தாம்பரம் பக்கம் ஒரு முருகன் கோயில், பெயர் வேண்டாம். அங்கே தைப்பூசத்துக்குத் தெப்பம் விடுவார்கள். அந்த வேலை எங்களுக்கு வந்தது.

தெப்பம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். காலி எண்ணெய் டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே சவுக்குக் கட்டை, அதற்கு மேலே பலகை. நாலு மூலையிலும் இரும்புக் கம்பம். கம்பங்களுக்கு மேலே கூரைக்கு இரும்புச் சட்டம். நடுவில் மரப் பீடத்தில் சுவாமி. கரையில் நிற்கிற ஆட்கள் கயிறு பிடித்து இழுத்து, குளத்தை மூன்று சுற்று சுற்றி வரவேண்டும்.

விளக்கு எரிய கரையிலிருந்து ஒயர் விட்டால் தண்ணீரில் தோய்கிறது. ஜெனரேட்டரைத் தெப்பத்தில் ஏற்றினால் புகை சுவாமி முகத்தில் அடிக்கிறது, நாதஸ்வரம் யாருக்கும் கேட்பதில்லை. அதனால் பேட்டரி. லாரி பேட்டரி இரண்டு. கம்பத்துக்கு இரண்டு ட்யூப், எல்லாம் இரண்டடி நீளம். ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு சோக். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி, ட்யூப் பற்றிக்கொள்கிற அளவுக்கு ஏற்றித் தரும். அது பல நூறு. அதாவது பேட்டரியிலிருந்து சோக் வரைக்கும்தான் பன்னிரண்டு. சோக்கைத் தாண்டினால் கணக்கே வேறு. இதைக் கவனமாகப் படியுங்கள்.

பெரிய மழை பெய்து ஊரெல்லாம் மிதந்த வருஷத்துக்கு அடுத்த தை அது. குளம் மேல் படி வரை நிறைந்து கிடந்தது. ஆள் மேல் ஆள் நின்றாலும் தலை தெரியாது. ஏறும்போதே கேட்டேன், நீச்சல் தெரிந்தவர்கள் யார் என்று. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பூ அலங்காரக்காரர் முனுசாமி அண்ணன் மட்டும் கை தூக்கினார். கோவளத்தில் மீன் பிடிக்கிற குடும்பம் அவருடையது.

"அப்போ ஒரு ஆள் இருக்கீங்க."

"நானு கடல்ல நீந்தறவன் நைனா. இந்த சேத்துல எல்லாம் எறங்க மாட்டேன். எவன் வுழுந்தாலும் டாடா காட்டிடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதற்கு முன்னால், மதியமே நான் விளக்கு கட்டி, எரிய வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரி. அதற்குப் பிறகு முனுசாமி அண்ணன் கூடையோடு வந்தார்.

"இன்னா நைனா, கம்பம் மொட்டையா கீது? உடு, நான் சோடிக்கிறேன்."

"ட்யூபை மறைக்காதண்ணா."

"மறைப்பனா? வெளிச்சம் இல்லாங்காட்டி என் பூவ எவன் பாப்பான்? நடுவுல உட்டுட்டு மேலயும் கீயயும் சுத்திக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். கண்ணாடி மேல் ஒரு பூ படவில்லை. ட்யூபின் இரண்டு முனையிலும், ஹோல்டர் தெரியாத அளவுக்கு மல்லிகையும் சாமந்தியும் சுற்றினார். பார்க்க நன்றாக இருந்தது. பூ வாடக்கூடாது என்று சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு கையால் தெளித்தபடியே இருந்தார். அவர் தொழிலில் அது சரி. நான் கட்டியதும் என் தொழிலில் சரி. இரண்டு சரியும் ஒரே கம்பத்தில் வந்து சேர்ந்தன.

இருட்டியதும் தெப்பம் கிளம்பியது. பௌர்ணமிதான், ஆனால் மேகம் மூடி நிலா தெரியவில்லை. சாலமன் கரையில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றான். படிக்கட்டு முழுக்க எரிகிற சீரியல் செட் எல்லாம் அந்த ஜெனரேட்டரில் ஓடியது. நான் தெப்பத்தில், சுவாமி பீடத்துக்குப் பின்னால், பேட்டரி பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவிட்சு என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில், வடக்குக் கரை ஓரமாகக் கிழக்கே போகும்போது, எனக்குக் கை எட்டும் கம்பத்தில் ஒரு ட்யூப் மங்கியது. முனைகள் மட்டும் சிவந்திருந்தன, நடுவில் புகை மாதிரி வெளிச்சம்.

தர்மகர்த்தா என் பக்கம் குனிந்தார். "என்னப்பா, பேட்டரி டவுனா?"

"இல்ல சார்."

பேட்டரி இறங்கினால் எல்லா ட்யூபும் மங்கும். இது ஒன்றுதான். கம்பத்தின் அடியில் கட்டியிருந்த அதன் சோக்கைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. அப்போது ஒரு வாசனை வந்தது. வாடிய மல்லிகை வேறு, கருகிய மல்லிகை வேறு. இது கருகியது. பார்த்தேன். அந்தக் கம்பத்துப் பூவுக்குள் நீலமாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பொட்டு மாதிரி. அணையும், பக்கத்தில் வரும்.

நான் எழுந்திருக்கும் முன்பே சின்ன குருக்கள் அந்தக் கம்பத்தைப் பிடித்தார். கரையில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று விளிம்பு வரை போய் அர்ச்சனைத் தட்டைக் காட்டிக்கொண்டிருந்தவர், தெப்பம் லேசாக ஆடவும் கையை நீட்டினார். பிடித்த வேகத்தில் துள்ளினார். ஒரு கால் பலகையைத் தாண்டித் தண்ணீரில் போய் வந்தது. தட்டு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. எப்படியோ உள்ளே வந்து விழுந்தார்.

"கம்பம் கடிக்கறது ஓய்." என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஈரப் பூ வழியாக ட்யூபின் கரண்ட் கம்பத்தில் இறங்குகிறது. கூரைச் சட்டம் இரும்பு. ஒரு கம்பத்தில் இறங்கினால் நாலு கம்பத்திலும் இருக்கும். அந்தச் சின்ன சோக் ஆளைக் கொல்லாது. ஆனால் துள்ள வைக்கும். வீட்டுத் தரையில் துள்ளினால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே ஒருவர் துள்ளினால் தண்ணீர். அவரைப் பிடிக்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். டிரம் தெப்பம் அதைத் தாங்காது.

இன்னொன்றும் இருந்தது. முன்னால் வடகிழக்கு மூலை. மூலையில் கயிறு கைமாறும். வடக்குக் கரை ஆட்கள் விடுவார்கள், கிழக்குக் கரை ஆட்கள் வெடுக்கென்று இழுப்பார்கள். முதல் சுற்றில் பார்த்தேன். அந்த இழுப்பில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் கம்பத்தைத்தான் பிடித்தார்கள். அதற்கு முன் கரண்டை நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்தினால் தெப்பத்தில் இருட்டு. என்ன என்று தெரியாமல் எல்லாரும் எழுந்து நகர்வார்கள். அதுவும் ஆபத்துதான்.

இந்த இடத்தில் என் கை தானாக மேலே போனது. நம் தொழிலில் கம்பத்தில் இருக்கிறவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால், கீழே இருக்கிறவன் மெயினை அணைப்பான். ஏன் என்று கேட்க மாட்டான். சாலமன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் கையை இறக்கினேன். அவன் கையில் இருக்கிற மெயின் கரையுடையது. அதை அணைத்தால் தெப்பத்தில் கரண்ட் அப்படியே இருக்கும், கரைதான் இருளும். ஈரப் படிக்கட்டில் அத்தனை ஜனம், முன்வரிசை எல்லாம் குழந்தைகள். அந்தக் கையை உயர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை.

அப்போது முனுசாமி அண்ணன் எதிர்க் கம்பத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் உபயதாரர் வீட்டு அம்மா. இடுப்பில் குழந்தை. குழந்தை பூவைப் பார்த்துக் கையை நீட்டியது. எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்து நீட்டியது.

நான் ஓடினால் தெப்பம் சாயும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன்.

"அக்கா, கொழந்தைய இப்படிக் கொண்டாங்க. சாமிகிட்ட உக்காருங்க."

"இங்கதான்பா காத்து வருது. அங்க ஒரே சாம்பிராணிப் புகை."

"சாமி பக்கத்துல எடம் கெடைக்குமாக்கா அப்புறம்? வாங்க, நீங்க வர்றதுக்குள்ள வேற யாராச்சும் உக்காந்துடப் போறாங்க."

அதற்கு வந்தார். கம்பத்தைத் தொடாமல் வந்தார். மூச்சு விட்டேன்.

முனுசாமி அண்ணனிடம் தவழ்ந்து போனேன். கையில் இருந்த சொம்பைப் பிடுங்கிக் குளத்தில் போட்டேன்.

"டேய்! பித்தள சொம்புடா அது!"

"அண்ணா, கத்தாதீங்க. பூ வழியா கரண்டு எறங்குது. அங்க பாருங்க."

பார்த்தார். நீலப் பொட்டு இந்தக் கம்பத்துக்கும் வந்திருந்தது. கடலில் போகிறவர்கள் ஆபத்தைச் சொன்னால் திரும்பக் கேட்க மாட்டார்கள். "இன்னா செய்யணும்?" என்றார்.

"யாரையும் கம்பத்துகிட்ட விடாதீங்க. நீங்களும் தொடாதீங்க."

அடுத்து கயிறு. கத்தினால் கரைக்குக் கேட்காது. அங்கே ஒரே அரோகரா சத்தம். ஆனால் கயிறு இழுக்கிறவர்கள் தவில் அடிக்குத்தான் இழுக்கிறார்கள் என்பதை முதல் சுற்றில் கவனித்திருந்தேன். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கை தானாக அப்படிப் போகும். தெப்பத்திலேயே வாசித்துக்கொண்டிருந்த தவில்காரர் காதில் சொன்னேன்.

"அண்ணே, வாசிப்ப கொறைங்க. நல்லா மெதுவா."

வாசித்தபடியே முறைத்தார். "என்ன வெளையாடுறியா? இப்பதான் களை கட்டுது."

"கயிறு உங்க அடிக்குத்தான் வருது. தெப்பம் மூலைக்குப் போகக் கூடாது."

"நான் தவிலு வாசிக்கிறேனா, வண்டி ஓட்டுறேனா?"

"இன்னிக்கி வண்டிதாண்ணே. ஆனா நிறுத்திடாதீங்க. நிறுத்தினா பயந்துடுவாங்க."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ. நாதஸ்வரக்காரருக்குத் தலையசைத்தார். வாசிப்பு இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, தாலாட்டு மாதிரி ஆனது. கரையில் கைகள் தளர்ந்தன. கயிறு தொய்ந்து தண்ணீரில் படுத்தது. தெப்பம் மூலைக்கு முன்னால் நின்று மிதந்தது.

இனி விளக்கு.

"சார், லைட்ட அணைக்கணும்" என்றேன் தர்மகர்த்தாவிடம்.

"சுவாமி தண்ணில இருக்கறப்ப வெளக்க அணைக்கறதா? ஊரு என்னய்யா பேசும்? அந்த வார்த்தையே வாயில வரக்கூடாது."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெப்பத்தில் விளக்கு அணைந்தால் ஊருக்கு ஆகாது என்று நம்புகிற ஊர். ஏதாவது ஒன்று நடந்தால் அவரைத்தான் சொல்வார்கள். விளக்கி முடிக்க நேரம் இல்லை. குருக்களிடம் திரும்பினேன். கடி பட்டவர் அவர்தான். அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"சாமி, எல்லாரையும் உக்கார வெக்கணும். அப்புறம்தான் அணைக்க முடியும். நான் சொன்னா உக்கார மாட்டாங்க."

"தீபாராதனை மூணாம் சுத்துலன்னா? இப்ப காட்டற வழக்கம் இல்லையே." ஒரு நிமிஷம் சுவாமியைப் பார்த்தார். பிறகு தர்மகர்த்தாவைப் பார்த்தார். "மாமா, வெளக்கு அணையப் போறதில்ல. நான் ஏத்தப் போறேன்."

எழுந்து நின்று குரல் கொடுத்தார். "எல்லாரும் அப்படி அப்படியே உக்காருங்கோ. விசேஷ தீபாராதனை. உக்காந்துண்டுதான் சேவிக்கணும். ஒருத்தரும் எழுந்திருக்கப்படாது. கம்பத்த விட்டுத் தள்ளி உக்காருங்கோ."

உட்கார்ந்தார்கள். ஒரு கேள்வி வரவில்லை. தர்மகர்த்தாவும் உட்கார்ந்தார். ஒரு வயதானவர் மட்டும் முட்டி மடங்காமல் கம்பத்தைப் பிடிக்கக் கை கொண்டுபோனார். முனுசாமி அண்ணன் அவரை அப்படியே கக்கத்தில் அள்ளி உட்கார வைத்தார்.

"வா பெருசு, என் மடியிலயே குந்து."

குருக்கள் பெரிய தட்டில் கற்பூரத்தைக் கொட்டினார். சாதாரணமாகப் போடுவதைவிடப் பல மடங்கு. பற்ற வைத்தார். சுடர் எழுந்ததும் என்னைப் பார்த்தார். நான் சுவிட்சை அணைத்தேன்.

கரை ஒரு கணம் அமைதியானது. அந்த ஒரு கணம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கறுத்த தண்ணீர், நடுவில் ஒரு சுடர், அதற்குப் பின்னால் சுவாமி முகம், மெதுவாகத் தவில். பிறகு கரை முழுக்க ஒரே குரலாக அரோகரா என்று எழுந்தது. தெப்பத்தில் ஒருவரும் நகரவில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கற்பூரம் எரிகிற வரைதான் எனக்கு நேரம். மூலையில் திரும்ப வெளிச்சம் வேண்டும், இல்லையென்றால் கரையில் இருப்பவர்களுக்குத் தெப்பத்தின் விளிம்பு தெரியாது, கல் படியில் இடிக்கும். நாலு கம்பத்தையும் சுத்தம் செய்ய நேரம் போதாது. அந்த ஆசையை விட்டேன். கம்பங்களுக்குப் போகிற ஒயரை எல்லாம் பேட்டரியிலேயே கழற்றினேன். ஒரு கம்பத்திலிருந்து மட்டும் இரண்டு ட்யூபையும் சோக்கோடு இறக்க வேண்டும். பூ தடுத்தது. ஹோல்டர் எங்கே என்று கைக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு கை வந்து பூவைக் கொத்தோடு பிய்த்தது. முனுசாமி அண்ணன். காலையிலிருந்து கட்டியது.

"பூவ பாத்தா ஆவுமா? எடு, சீக்கிரம் எடு."

ட்யூபை இறக்கினேன். துடைக்கக் காய்ந்த துணி இல்லை. ஈரப் பலகையில் தவழ்ந்ததில் என் சட்டை, துண்டு எல்லாம் ஈரம். குருக்கள் ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி, இன்னொரு கையால் சுவாமிக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த பட்டுத் துணியை எடுத்து என் பக்கம் போட்டார். சுவாமிக்குச் சாத்த வைத்திருந்த பட்டு. நான் தயங்கினேன்.

"துடைங்கோ. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

துடைத்தேன். மரப் பீடத்தின் மேல், சுவாமி காலடியில், இரும்பில் எதுவும் படாமல் இரண்டு ட்யூபையும் படுக்க வைத்தேன். ஒயரை முறுக்கினேன். கற்பூரம் தட்டின் நடுவுக்குச் சுருங்கிவிட்டது. சுவிட்சைப் போட்டேன்.

ஒன்று பற்றியது. இன்னொன்று கண் சிமிட்டியது. பிறகு அதுவும் பற்றியது. வெளிச்சம் கீழேயிருந்து சுவாமி முகத்தில் அடித்தது. கம்பங்கள் நாலும் இருட்டில். புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கையால் தொடாதீர்கள், கை மூடிக்கொள்ளும். நாலிலும் ஒன்றும் இல்லை.

தவில்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். அடி ஏறியது. கயிறு தண்ணீரிலிருந்து எழுந்தது. மூலையில் அதே வெடுக். எல்லாரும் உட்கார்ந்தபடியே சாய்ந்து நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் கம்பத்தைப் பிடித்தார்கள். வெறும் இரும்பு.

மூன்றாவது சுற்றும் அந்த இரண்டு ட்யூபிலேயே முடிந்தது.

கரையில் இறங்கியதும் சாலமன் ஓடி வந்தான். "மச்சான், கைய பாதியில இறக்குன. நான் லீவர் மேல கைய வெச்சிட்டேன்டா."

"தெரியும்."

"இன்னாடா ஆச்சு?"

சொன்னேன். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

தர்மகர்த்தா வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. கரையில் அவர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அழுதுவிட்டார்களாம், அப்படி ஒரு தரிசனம் பார்த்ததே இல்லையாம். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். குருக்கள் தூரத்தில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முனுசாமி அண்ணனுக்கு மட்டும் ஒரு சொம்பு வாங்கிக் கொடுத்தேன். எவர்சில்வர். பித்தளை இல்லை என்று வாங்கும்போதும் திட்டினார்.

அடுத்த வருஷம் தைக்கு முன்னால் கோயிலிலிருந்து ஆள் வந்தது. "போன வருஷம் மாதிரியே ரெண்டாவது சுத்துல லைட்ட அணைச்சிடணும், தீபம் காட்டணும். ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றார்கள். சாலமன் என் காதில், "நம்ம கரண்டு கசிஞ்சதுக்குக் கல்வெட்டு வெச்சாலும் வெப்பாங்க மச்சான்" என்றான். சரி என்று சொன்னோம். பூவை மட்டும் மூங்கில் தட்டி கட்டி, ட்யூபுக்கு எட்டாமல் போடச் சொன்னேன். முனுசாமி அண்ணன் நான் சொல்லும் முன்பே தட்டியோடு வந்திருந்தார்.

இப்போது அது வழக்கமாகிவிட்டது. உங்களில் யாராவது அந்த வேலைக்குப் போவீர்கள். எல்இடி கட்டுவீர்கள், கம்பம் கடிக்காது. இரண்டாவது சுற்றில், வடகிழக்கு மூலைக்கு முன்னால் தெப்பத்தை நிறுத்தி விளக்கை அணைக்கச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள், முருகனே இருட்டு கேட்டார் என்று. நல்ல கதை. மறுத்துப் பேச வேண்டாம்.

ஆனால் சுவிட்சில் கை வைக்கும் முன், தெப்பத்தில் கடைசி ஆள் உட்கார்ந்தாகிவிட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அவர்கள் கதையில் அது விட்டுப்போய்விட்டது.